கிளைக் கடைகளின் பில் மென்பொருள்: தரவுத்தளத்தோடு நேரடி இணைப்பா, நடுவில் ஒரு சர்வரா?

மாத்திரைப்பெட்டி, பெரம்பூர்

வணக்கம். சென்னையில் எங்கள் குடும்பத்துக்குப் பதினொரு மருந்துக்கடைகள் இருக்கின்றன. அப்பா முதலில் திறந்த பெரம்பூர் கடையின் மாடிதான் இன்றும் தலைமை அலுவலகம். பில் போடும் மென்பொருளை ஒருவர் எங்களுக்காகவே எழுதிக் கொடுத்தார். அவர் வெளிநாடு போன பிறகு நான்கு ஆண்டுகளாக நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். முறைப்படி கணினி படித்தவள் அல்ல, தேவை கற்றுக்கொடுத்தது.

மாடியில் உபுண்டு லினக்ஸ் ஓடும் ஒரு கணினி, அதில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். கடைகளில் மொத்தம் 34 விண்டோஸ் கணினிகள். ஒவ்வொன்றும் தரவுத்தளத்தோடு நேராகப் பேசுகிறது. கடைகள் எல்லாம் பெரம்பூரைச் சுற்றியே இருந்தவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேளச்சேரி, தாம்பரம், திருவொற்றியூர் என்று பரவிய பிறகுதான் தலைவலி. வெளிக்கடைகளுக்காக ரௌட்டரில், தரவுத்தளத்துக்குப் போகும் வாசலான 5432-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் வாரம் எல்லாக் கவுன்டர்களும் திறக்கும் நாட்களில் ஓரிரு கணினிகளால் உள்ளே நுழையவே முடிவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரம்பூரில் மின்சாரம் இல்லை. தாம்பரம் கடையில் விளக்கு எரிந்தது, ஆனாலும் பில் போட முடியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டு வந்தவர்களுக்கு எங்கள் ஆட்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அப்போதே தரவுத்தளத்தை மும்பையில் உள்ள ஒரு மேகச் சேவைக்கு மாற்றிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அதற்குள் போன மாதம் இன்னொன்று நடந்தது. புதன்கிழமை மாலை திருவொற்றியூரில் சாலை தோண்டியபோது எங்கள் ஃபைபர் அறுந்தது. சில நிமிடங்களில் மற்றப் பத்துக் கடைகளிலும் ‘சேமி’ பொத்தானை அழுத்தினால் திரை அப்படியே நின்றுவிட்டது. தரவுத்தளத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்கிய பிறகே வேலை நடந்தது. ஒரு கடையின் கம்பி அறுந்தால் மற்றக் கடைகள் ஏன் நிற்க வேண்டும்? இதற்கு எனக்கு விடை கிடைக்கவே இல்லை.

இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர், நிரலில் எதையும் மாற்ற வேண்டாம், முகவரியை மட்டும் மும்பைக்கு மாற்றினால் போதும் என்கிறார். மற்றவர், நேரடி இணைப்பே தவறு, நடுவில் ஒரு சர்வர் வைத்து முழுவதையும் புதிதாக எழுத வேண்டும் என்கிறார். இருவர் சொல்லும் தொகைக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எதை நம்புவது?


மேற்கு மாம்பலம்

அம்மா, முதலில் அந்தப் புதன்கிழமையைப் பார்த்துவிடுவோம். உங்கள் கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் நிரல் பில் எண்ணை எங்கிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு வரி கொண்ட அட்டவணை. அதில் அடுத்த பில் எண். சேமிக்கத் தொடங்கும்போதே வேறு யாரும் மாற்றாதபடி அந்த வரியைப் பூட்டி, எண்ணை ஒன்று கூட்டி, பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாக எழுதி, கடைசியில் பரிவர்த்தனையை (எல்லாமும் பதிவாகும், இல்லையேல் எதுவும் பதிவாகாது என்ற ஒரே தொகுப்பை) முடிக்கும். இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பல பில் நிரல்களில் இதே அமைப்பைக் கண்டிருக்கிறேன்.

திருவொற்றியூர் கணினி அந்த வரியைப் பூட்டிவிட்டு, நான்காவது மருந்தையோ ஐந்தாவது மருந்தையோ எழுதிக்கொண்டிருந்தபோது கம்பி அறுந்திருக்கிறது. இணைப்பை முறையாக மூடினால் மறுமுனைக்குச் செய்தி போகும். கம்பி அறுந்தால் செய்தி எதுவும் போகாது, மௌனம்தான். அந்த மௌனத்தைத் தரவுத்தளம், கவுன்டரில் இருப்பவர் அடுத்த மருந்தைத் தேடுகிறார் போலும் என்றே எடுத்துக்கொள்ளும். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். மற்றப் பத்துக் கடைகளும் அதே வரிக்காக அதன் பின்னால் வரிசையில் நிற்கும்.

எவ்வளவு நேரம்? லினக்ஸில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், பேச்சில்லாத இணைப்பை 7,200 வினாடிகள் கழித்துத்தான் முதல்முறை தட்டிப் பார்க்கும். பிறகு 75 வினாடிக்கு ஒருமுறை ஒன்பது தட்டல்கள். மொத்தம் 2 மணி 11 நிமிடம். நீங்கள் திரும்பத் தொடங்கியிராவிட்டால் அன்று இரவு வியாபாரம் முழுவதும் போயிருக்கும்.

ஆகவே நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான். பரிவர்த்தனை திறக்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுவில் ஒரு தெரு இருக்கிறதா? ஒரே கட்டடத்துக்குள் என்றால் நேரடி இணைப்பில் தவறே இல்லை. தெரு குறுக்கே வந்துவிட்டால், அந்தத் தெருவைத் தோண்டுகிறவரின் கையில் உங்கள் பூட்டு இருக்கிறது.

மும்பை யோசனைக்கு வருகிறேன். முகவரியை மட்டும் மாற்றினால் போதும் என்றவர் தூரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்பக் குறைந்தது 10 மில்லிவினாடி. நடைமுறையில் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்விக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் நிரல் ஒரு பில்லைச் சேமிக்க எத்தனை முறை தரவுத்தளத்திடம் போய் வருகிறது? வரும் கட்டளைகளை எல்லாம் குறித்துவைக்கும்படி போஸ்ட்கிரெஸில் லாக்-ஸ்டேட்மென்ட் அமைப்பை ‘ஆல்’ என்று வைத்து, ஒரே ஒரு பில் போட்டு, எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். முடிவெடுக்க அந்த எண் வேண்டும்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன்: அந்த 5432-ஐ இன்று இரவே மூடுங்கள். கடைகளின் இணைய (ஐபி) முகவரிகளுக்கு மட்டும் திறந்தாலாவது சரி. 2003 ஜனவரி 25, சனிக்கிழமை, நம் நேரம் காலை 11 மணியளவில் ஸ்லாமர் என்ற, தானே பரவும் கணினிப் புழு கிளம்பியது. அதன் முழு நீளம் 376 பைட்டு, இந்தப் பத்தியைவிடச் சிறியது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் 1434-ஆம் போர்ட் வழியாக நுழைந்து, பத்தே நிமிடத்தில் உலகத்தில் தாக்கக்கூடியவையாக இருந்த கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்தது. அதைத் தடுக்கும் திருத்தம் ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் யாரும் அதைப் போடவில்லை. அந்த நாள் முழுக்க சர்வர் அறையில் நின்று, கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எந்தக் கணினி கத்துகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எந்தத் தரவுத்தளத்தின் வாசலையும் பொது இணையத்துக்குத் திறந்து விட நான் சம்மதித்ததில்லை.


அம்பத்தூர் எஸ்டேட்

மாம்பலம் ஐயா சொன்ன புதன்கிழமை விளக்கம் சரி. ஆனால் நேரடி இணைப்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு முன் ஒரு வார்த்தை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரே கூரையின் கீழ் 14 கணினிகள். எல்லாம் தரவுத்தளத்தோடு நேராகப் பேசுகின்றன. பத்து ஆண்டுகளாக ஓடுகிறது; நான் விடுப்பில் போனாலும் ஓடுகிறது. நடுவே சர்வர் வைத்தால் அதுவும் ஒரு பொறுப்பு. அதற்கு நினைவகம் போதுமா என்று பார்க்க வேண்டும், அதன் பதிவேடுகள் வட்டை நிரப்பாமல் பார்க்க வேண்டும். இன்னொரு பிரிவில் அப்படி ஒன்று வைத்தோம். இணைப்பைப் பாதுகாக்கும் 90 நாள் சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலை நின்றுபோனதை ஒருவரும் கவனிக்காததால், ஞாயிற்றுக்கிழமை காலை சரக்கு லாரிகள் வாசலில் நின்றன. கணினி பார்க்க ஒரே ஒருவர் இருக்கும் இடத்தில் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாத்திரைப்பெட்டிக்கு என் யோசனை: வயர்கார்டு விபிஎன் போடுங்கள். பொது இணையத்துக்குள்ளேயே உங்களுக்கு மட்டுமான மறைவழி அது. லினக்ஸ் 5.6-இலிருந்து அதன் கருவான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நாள் வேலை. போர்ட்டை மூடிவிடலாம், நிரலைத் தொட வேண்டாம்.


மாத்திரைப்பெட்டி, பெரம்பூர்

ஐயா, இரவே போர்ட்டை மூடிவிட்டேன். இப்போது கடைகளின் முகவரிகளுக்கு மட்டும் வழி. அம்பத்தூர் நண்பருக்கும் நன்றி. வார இறுதியில் வயர்கார்டு போடுகிறேன்.

எண்ணியும் பார்த்தேன். எட்டு மருந்துகள் உள்ள ஒரு பில்லுக்கு 64 முறை போய் வருகிறது. ஒரே மருந்தின் இருப்பையே நான்கு தடவை கேட்கிறது. பில் எண் அட்டவணை நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது: ஒரே வரி, எல்லாக் கடைகளுக்கும் பொது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சில்லிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது அல்லவா? வரி விகிதம் எங்கள் நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. முந்தைய இரவு நானும் தம்பியும் இரண்டு வண்டிகளில் கடை கடையாகப் போய் 34 கணினிகளிலும் புதிய பதிப்பைப் போட்டோம். இரண்டு விடுபட்டுவிட்டன. மறுநாள் மதியம்வரை வேளச்சேரியில் ஒரு கவுன்டர் 12 சதவீதத்திலேயே பில் போட்டது. வாங்கியவர்களைத் தேடிப் பிடித்துத் திருத்திக் கொடுத்தோம்.


மேற்கு மாம்பலம்

64. நன்றாக எண்ணியிருக்கிறீர்கள். 64-ஐ 30-ஆல் பெருக்குங்கள்: 1,920 மில்லிவினாடி. மும்பைக்கு முகவரியை மட்டும் மாற்றினால், இணையம் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒவ்வொரு பில்லுக்கும் இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடியும் பொதுப் பூட்டைப் பிடித்துக்கொண்டு! அதாவது பதினொரு கடைகளும் சேர்ந்து நிமிடத்துக்கு முப்பது பில்தான் போட முடியும். மாலை ஏழு மணிக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

அம்பத்தூர் நண்பர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஒரே கூரை என்றால் நானும் அதையே செய்வேன். விபிஎன்னும் வேண்டும். ஆனால் அது வழியை மறைக்கும், வழியைக் குறைக்காது. அறுந்த ஃபைபருக்குள் ஓடிய விபிஎன்னும் அறுந்ததுதான். பூட்டு அப்படியே நிற்கும்.

இந்த வாரமே செய்யக்கூடியது: தரவுத்தளத்தில், பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்பை 15 வினாடியில் துண்டிக்கும் அமைப்பு 9.6-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ‘ஐடில் இன் டிரான்சாக்ஷன் செஷன் டைம்அவுட்’ என்று தேடுங்கள். கூடவே, முன்பு சொன்ன அந்த 7,200 வினாடி உயிர்த்தட்டல் இடைவெளியை 30 வினாடியாக்குங்கள். அப்படித் துண்டிக்கப்பட்டால் உங்கள் நிரல் ‘பில் சேமிக்கப்படவில்லை’ என்று தெளிவாகச் சொல்கிறதா என்றும் சோதியுங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம், செலவும் குறைவு. பில்லைச் சேமிக்கும் அந்த 64 படிகளையும் தரவுத்தளத்துக்குள்ளேயே, ஒரே அழைப்பில் ஓடும் ஒரு செயற்கூறாக (ஃபங்ஷன்) எழுதுங்கள். கடைக் கணினி பில் முழுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பட்டும். இருப்பைக் கழிப்பது, வரி போடுவது, எண் கொடுப்பது எல்லாம் உள்ளே நடக்கட்டும். பில் எண் மட்டும் திரும்பி வரட்டும். பரிவர்த்தனை முழுவதும் ஒரே அறைக்குள் தொடங்கி அங்கேயே முடியும். கம்பி அறுந்தாலும் கையில் பூட்டோடு யாரும் தெருவில் நிற்கமாட்டார்கள்.

இதைச் செய்ததும், பில் அட்டவணைகளில் நேராக எழுதும் உரிமையைக் கடைக் கணினிகளின் பயனரிடமிருந்து பறித்துவிடுங்கள். அந்தச் செயற்கூறை அழைக்க மட்டும் அனுமதி. உங்கள் தொழிலில் இது எவ்வளவு தேவை என்று நீங்களே அறிவீர்கள். மருந்து விதிகளின் ‘அட்டவணை எச்1’-இல் உள்ள மருந்துகளை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் பதிவேட்டில் ஏறி மூன்று ஆண்டு இருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து இதுதான் விதி. இன்று அந்தச் சோதனை கடைக் கணினியில் நடக்கிறது. கடவுச்சொல் 34 கணினிகளிலும் ஒரு கோப்பில் கிடக்கிறது. வேலையை விட்டுப் போன ஒருவர் அந்தக் கோப்பை எடுத்துப் போயிருந்தால், மருத்துவர் பெயரே இல்லாமல் ஒரு வரியைச் சேர்க்கலாம், இருக்கும் வரியை அழிக்கலாம். யார் செய்தது என்று பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே பயனர் பெயர்தான் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் நடுச் சர்வர். புதிதாக எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றவரிடம், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு சிறிய சர்வர் போதும். கடைகள் அதனிடம், இணையதளங்களுக்கு வழக்கமான 443-ஆம் போர்ட் வழியாகப் பேசும். அது உங்கள் செயற்கூறை அழைக்கும். எழுதிய வேலை வீணாகாது. தரவுத்தளமும் இந்தச் சர்வரும் மும்பையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். முதலில் பில் சேமிப்பதை மட்டும் இதன் வழியே விடுங்கள். மற்றத் திரைகளை மாதத்துக்கு ஒன்றாக மாற்றலாம். அடுத்த முறை வரி மாறினால் ஒரே இடத்தில் மாற்றுவீர்கள். இரவில் வண்டி எடுக்க வேண்டியதில்லை.

மாத முதல் வாரத் தகராறும் இதில் தீரும். 34 கணினிகள் தலைக்கு மூன்று இணைப்பு திறந்தால் 102. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100-தான் ஏற்கும். அதிலும் மூன்று நிர்வாகிக்கு ஒதுக்கீடு. எண்ணை உயர்த்தலாம்தான், ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் அது தனி ஆளை உட்கார வைக்கிறது, நினைவகம் தின்னும். நடுச் சர்வர் பத்து இணைப்புகளை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் மாற்றி மாற்றிப் பரிமாறும்.

சர்வர் எழுதுகிறவரிடம் ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பில் சேமிக்கப்பட்டுவிட்டது, பதில் திரும்பும் வழியில் கம்பி அறுந்தது என்று வையுங்கள். கவுன்டரில் இருப்பவர் மறுபடி அழுத்துவார். இரண்டு பில் விழும், இருப்பு இரண்டு முறை கழியும். ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் கடைக் கணினியே ஓர் அடையாள எண்ணை உருவாக்கி அனுப்ப வேண்டும். அதே அடையாளம் மறுபடி வந்தால் புதிதாக எதையும் எழுதாமல் பழைய பில் எண்ணையே திருப்பித் தர வேண்டும். நேரில் கம்பியைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்.


தி.நகர் கணக்கர்

கணினி விஷயத்தில் தலையிட மாட்டேன். பில் எண் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பதினொரு கடைகளுக்கும் ஒரே தொடர் எண் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஜிஎஸ்டி விதி 46-இன்படி ஒரு தொடரோ பல தொடர்களோ வைத்துக்கொள்ளலாம். எண் 16 எழுத்துக்கு மிகக் கூடாது, அந்த நிதியாண்டுக்குள் ஒரு எண் மறுபடி வரக் கூடாது, தொடர்ச்சியாக இருக்க வேண்டும். திருவொற்றியூருக்கு ஒரு முன்னெழுத்து, தாம்பரத்துக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். ஏப்ரல் 1 முதல் தொடங்கினால் கணக்கும் சுத்தமாக இருக்கும்.

இன்னொரு வேண்டுகோள். மாதக் கணக்குக்கு என்னைப் போன்றவர்கள் எக்செலிலிருந்து தரவுத்தளத்தோடு நேராக இணைந்துதான் வேலை செய்கிறோம். அதையும் மூடிவிடாதீர்கள்.


மேற்கு மாம்பலம்

கணக்கர் ஐயா பெரிய முடிச்சை அவிழ்த்துவிட்டார். பொதுவான பில் எண் போனால் பொதுப் பூட்டும் போயிற்று. கடைக்குத் தனித் தொடர் இருந்தால், இணையமே இல்லாத நாளில் கடைக் கணினி தானே எண் கொடுத்து, பில்லை தன்னிடமே எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளக் கோப்பில் வைத்திருந்து, இணைப்பு வந்ததும் அனுப்பலாம். ஒரு கடையில் மூன்று கவுன்டர் இருந்தால் கவுன்டருக்கு ஒரு தொடர் வைக்க வேண்டும். பதினாறு எழுத்துக்குள் அது அடங்கும். மிக்ஜாம் போல இன்னொன்று வந்தாலும் துண்டுச் சீட்டு வேண்டியிருக்காது.

எக்செலை மூட வேண்டாம். தரவுத்தளத்தின் நகல் ஒன்றைத் தனியாக ஓட விட்டு, படிக்கும் உரிமை மட்டும் கொடுத்து, விபிஎன் வழியாக நேராக இணைத்துக்கொள்ளட்டும். அறிக்கை எடுப்பவருக்கு நேரடி இணைப்பைப் போல வசதி வேறில்லை. நோயாளி பெயர் உள்ள நெடுவரிசைகளை மட்டும் அவர்களுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். வரிக் கணக்குக்கு அவை தேவையில்லை.


மாத்திரைப்பெட்டி, பெரம்பூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வயர்கார்டு போட்டாயிற்று. 15 வினாடித் துண்டிப்பையும் வைத்தேன். பில் சேமிக்கும் செயற்கூறை எழுத எனக்குப் பதினாறு இரவுகள் ஆயின. தொகையை ரவுண்ட் செய்யும் இடத்தில் பைசா வேறுபாடு வந்து இரண்டு முறை திரும்ப எழுதினேன். 64 இப்போது 1. சர்வர் எழுத ஒருவரைப் பேசி முடித்திருக்கிறோம். அடையாள எண் நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னேன். ஏப்ரல் 1-இல் கவுன்டருக்கு ஒரு தொடர்.

நேற்று ஞாயிறு மதியம் சோதித்துப் பார்த்தோம். திருவொற்றியூரில் தம்பி எட்டு மருந்துக்குப் பில் போட்டு, ‘சேமி’யை அழுத்திய கையோடு ரௌட்டர் கம்பியைப் பிடுங்கினான். நான் வேளச்சேரிக் கடையைக் கைபேசியில் பிடித்து, அதே நேரத்தில் ஒரு பில் போடச் சொல்லிக் காத்திருந்தேன். பிரிண்டர் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. “வந்துவிட்டது அக்கா” என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.